மடிக்கணினியின் சூட்டைத் தணிக்கும் முறை

பஞ்சாயத்து அலுவலக மடிக்கணினி ஓரிடத்தில் மட்டும் மிகச் சுடுவதையும், வரி ரசீது பதியும் வேளையில் இணைப்பு அறுவதையும் நாம் காண்பதுண்டு. வைஃபை அட்டை ஓய்வின்றி விழித்திருப்பது இதற்கு ஒரு காரணமாகும்.

ரூட்டர் விநாடிக்குச் சுமார் 10 முறை குறி விடுக்கிறது. அக்குறி வரும்போது மட்டும் அட்டை விழித்தால் போதும்; அதுவரை அதற்குரிய செய்தியை ரூட்டர் காத்து வைக்கும். முறைப் பாசனத்தில் தம் முறைக்கு மட்டும் மடைக்குச் செல்வதை இது ஒக்கும்.

விண்டோஸ் கணினியாயின், கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியின் உயர்நிலை அமைப்புகளைத் திறந்து, வயர்லெஸ் அடாப்டர் செட்டிங்ஸ் என்பதில் ‘மீடியம் பவர் சேவிங்’ நிலையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். பேட்டரி, மின் இணைப்பு ஆகிய இரண்டிற்கும் தனித்தனியே மாற்றுதல் அவசியம். சில கணினிகளில் இப்பகுதி தென்படாது. அவற்றில் வேலையில்லாத நேரத்தில் வைஃபையை நிறுத்தி வைக்கலாம்.

சிக்கனத்தை மிகுத்தால் வேகம் குறையும். இணைப்பு தளர்ந்தால் ஒரு படி குறைத்திடுக. ரூட்டர் தொலைவிலிருப்பின் அதே செய்தியை அனுப்ப அட்டை நெடுநேரம் உழைக்கும். ஆகவே அதனை மேசைக்கு அருகில் அமைத்தல் நன்று.

வரி கட்ட வந்த உழவர் மறுநாளும் அலையாதிருக்க, இச்சிறு மாற்றத்தை அலுவலகந்தோறும் செய்வோமாக.