கபில நிறத் தத்தியும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சியும்

கமக்காரரே,

கதிர் பால் பிடிக்கும் பருவத்திற் பச்சைப் பசேலென நின்ற வயல், ஒரு கிழமைக்குள் வட்டம் வட்டமாகக் காய்ந்து, நெருப்புப் பட்டது போலச் சாய்ந்து போவதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். நெற்பயிரின் அடித்தண்டிலிருந்து சாற்றை உறிஞ்சும் கபில நிறத் தத்தியே இதற்குக் காரணம். ஒரு நெல்மணியிலும் சிறிய இப்பூச்சி காற்றோடு எழுந்து கடலையும் கடக்க வல்லது. வியட்நாமின் வயல்களிற் பெருகிய தத்திகள் சீனாவுக்கும், அங்கிருந்து யப்பானுக்கும் பறந்து செல்கின்றன. நாட்டின் எல்லையை அறியாத பகையை ஒரு நாடு தனித்து நின்று வெல்லல் அரிது. ஆகவே பல நாட்டு அரசாங்கங்கள் பொருளும் அறிவும் விதையும் பகிர்ந்து நெல் ஆராய்ச்சியை நடத்துகின்றன. அதனாற் பெற்ற பாடங்களையும், அவை உங்கள் வயலுக்கு எவ்வாறு பயன்படும் என்பதையும் இத்துண்டுப்பிரசுரம் கூறும்.

1. கூட்டு முயற்சியின் வரலாறு

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாயத் தாபனம் 1949 ஆம் ஆண்டிற் சர்வதேச நெல் ஆணைக்குழுவை அமைத்தது. அதன் முயற்சியால் இந்தியாவின் கட்டாக் நகரிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில் யப்பானிய நெல்லினங்களும் வெப்பநாட்டு இனங்களும் கலப்புச் செய்யப்பட்டன. 1960 இற் பிலிப்பைன்ஸ் நாட்டின் லொஸ் பானொஸ் என்னுமிடத்தில், அந்நாட்டு அரசாங்கமும் அமெரிக்காவின் இரு அறநிதியங்களும் சேர்ந்து சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. 1971 இல் அரசாங்கங்களும் உலக நிறுவனங்களும் கூடி, இத்தகைய ஆராய்ச்சி நிலையங்களுக்கு நிதி உதவும் ஒரு குழுவை ஏற்படுத்தின.

1975 இல் ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தி நிதியைக் கொண்டு வேறொரு வேலை தொடங்கப்பட்டது. பல நாட்டு நெல்லினங்களைச் சிறு சிறு பொதிகளாக்கி எல்லா நாடுகளுக்கும் அனுப்பினர். ஒவ்வொரு நாடும் அவற்றை ஒரே முறைப்படி விதைத்து, நோயும் பூச்சியும் எவ்வளவு தாக்கின என்பதைக் குறித்து அனுப்பியது.

2. ஒரே பூச்சி, வேறு வேறு குணம்

இந்தச் சோதனை எதிர்பாராத ஓர் உண்மையை வெளிப்படுத்திற்று. பிலிப்பைன்சிலே தத்தியை எதிர்த்து நின்ற முட்கோ, ஏ.எஸ்.டி. 7 ஆகிய இரு இனங்களும் இந்தியாவிலும் இலங்கையிலும் தத்திக்கு இரையாயின. இவ்விரண்டும் இந்திய நெல்லினங்களே. பூச்சி பார்வைக்கு ஒன்றாயினும் நாட்டுக்கு நாடு அதன் குணம் வேறுபட்டிருந்தது.

ஒரே நாட்டிலும் அதன் குணம் மாறுவதுண்டு. தத்தியை எதிர்க்கும் ஐ.ஆர். 26 என்னும் இனம் 1973 இல் வெளியிடப்பட்டது. அது பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் பெரும் பரப்பில் விதைக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அதனையும் தாக்க வல்ல தத்திகள் அங்கே பெருகிவிட்டன. பிற தேசத்திற் புகழ்பெற்ற விதை நமது வயலிலும் நிலைக்கும் என்பதற்கும், இன்று நிலைத்து நிற்பது என்றும் நிலைக்கும் என்பதற்கும் உறுதி இல்லை.

3. நமது நெல் உலகிற்கு அளித்தது

எதிர்ப்பை எங்கே தேடுவது? விடை நமது நாட்டுப் பழைய நெல்லில் இருந்தது. ரத்து ஹீனட்டி, பாபவீ என்னும் இலங்கை இனங்கள் பிலிப்பைன்சிலும் இங்கும் தத்தியை எதிர்த்து நின்றன. தாய்ப் பயிரின் குணத்தைப் பிள்ளைப் பயிருக்குக் கொண்டு செல்லும் கூறு பரம்பரையலகு எனப்படும். இவ்விரு இனங்களிலும் தத்தியை எதிர்க்கும் புதிய பரம்பரையலகுகள் இருப்பதை 1977 இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். நமது பாட்டன்மார் மூடையில் கட்டிக் காத்த நெல், பிற நாட்டு வயல்களையும் காக்கும் ஆராய்ச்சிக்கு உதவிற்று. நாம் பெறுபவர் மாத்திரமல்லர், கொடுப்பவருமாவோம். இத்தகைய விதைகளைப் பேணும் கன்னொறுவைத் தாவர மரபுவள நிலையமும் யப்பானிய அரசாங்கத்தின் உதவியோடு அமைந்ததே.

4. மருந்து மிஞ்சினால்

தத்தியைத் தின்று வாழும் சிலந்தி முதலிய உயிர்கள் வயலில் நிறைய உண்டு. காலமல்லாக் காலத்தில் மருந்து தெளித்தால் முதலில் மடிவன அவையே. தத்தியின் முட்டைகளோ இலையுறையினுள் மறைந்திருந்து தப்பிவிடும். பின்பு பகையின்றித் தத்தி பெருகும். இவ்வுண்மையை உணர்ந்த இந்தோனேசிய அரசாங்கம் 1986 இல் 57 வகைப் பூச்சிநாசினிகளை நெல்லுக்குப் பாவிப்பதைத் தடை செய்தது.

5. நீங்கள் செய்ய வேண்டியவை

(அ) கிழமைக்கு ஒரு முறையாவது வயலில் இறங்கிப் பயிரை விலக்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அடித்தண்டைப் பாருங்கள். வரம்பில் நின்று பார்த்தால் தத்தி தெரியாது.

(ஆ) யூரியாவைச் சிபாரிசு செய்த அளவுக்கு மேல் இடாதீர்கள். விதையை நெருக்கி விதையாதீர்கள். அடர்ந்து கொழுத்த பயிரையே தத்தி நாடும்.

(இ) தத்தி தோன்றினால் நீரை வடித்துச் சில நாட்கள் வயலைக் காயவிடுங்கள். போதனாசிரியரின் ஆலோசனையின்றி மருந்தைத் தொடாதீர்கள்.

(ஈ) வெளி முழுவதும் போகந்தோறும் ஒரே இனத்தை விதையாதீர்கள். இனத்தை மாற்றுங்கள். ஆனால் விதைக்கும் காலத்தை அயலாரோடு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

(உ) எதிர்ப்புள்ளது என்று கூறப்பட்ட இனம் தாக்கப்பட்டால் உடனே அறிவியுங்கள். பூச்சியின் குணம் மாறிவிட்டதற்கு முதல் அறிகுறி அதுவாக இருக்கலாம்.

(ஊ) பிற தேசத்திலிருந்து விதையை மடியிற் கட்டிக்கொண்டு வராதீர்கள். அதனோடு புதிய நோயும் வரும். அனுமதியின்றிக் கொண்டு வருதல் குற்றமுமாகும்.

(எ) வீட்டிற் பழைய நெல்லினம் ஏதேனும் இருப்பின், எறியும் முன் ஒரு கைப்பிடியைப் பெயர் எழுதிப் போதனாசிரியரிடம் கொடுங்கள்.

கமக்காரரே, பல நாடுகள் கூடிச் செய்யும் ஆராய்ச்சி உங்கள் வரம்பில் வந்தே முடிவடைகிறது. வயலிற் கண்டதை நீங்கள் சொன்னாலன்றி எந்த ஆராய்ச்சி நிலையமும் அதனை அறியாது. அடுத்த கிழமை வயலுக்குச் செல்லும்போது வரம்பில் நில்லாது உள்ளே இறங்கிப் பாருங்கள். கண்டதை எங்களுக்குச் சொல்லுங்கள்.