மூலாதாரங்களை நேரில் கற்போம்: திருகோணமலை

மாணவர்களே, வரலாற்று மூலாதாரங்கள் இலக்கியம், தொல்பொருள் என இருவகைப்படும். இரண்டாவது வகையை நேரிற் கற்கத் திருகோணமலைக்குச் செல்லுங்கள்.

1. பிரட்றிக் கோட்டை: போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கட்டியது. வாயிற் கல்லில் தமிழ்ச் சாசனமும் பாண்டியரின் இணைக்கயல் சின்னமும் உள்ளன. 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் பிரித்தானியரும் இதனைக் கைப்பற்றினர்.

2. கடற்படை வரலாற்று நூதனசாலை: ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் அமைந்துள்ளது. ஐரோப்பியர் இத்துறைமுகத்துக்காகப் போட்டியிட்டது ஏன் என்பதை இங்கு ஆராயலாம்.

கவனிக்க: ஆலயக் கல் கோட்டை வாயிலில் இருப்பதால் ஆலயம் முந்தியது, கோட்டை பிந்தியது என அறிகிறோம். விடை எழுதும்போது ஆண்டை மட்டும் தராது, சான்றையும் அது தரும் முடிவையும் சேர்த்து எழுதுக.

பயிற்சி: உமது ஊரிலுள்ள ஒரு தொல்பொருட் சான்றைக் குறிப்பிட்டு, அதிலிருந்து பெறும் முடிவுகள் இரண்டு தருக.