சொற்கள் வராத சிறுவன்: ஏழு நிமிடக் கார்ட்டூனும் மூன்று பாடவேளைகளும்

"டீச்சர், அவன் வாயைத் திறந்தா ஏன் சத்தம் மட்டும் வருது?"

ஏழாம் வகுப்பில் ஒரு பழைய கார்ட்டூன் படத்தைத் திரையிட்டபோது முதல் நிமிடத்திலேயே எழுந்த கேள்வி இது. பதிலை நான் சொல்லவில்லை. படம் முடிந்தபோது அந்தக் கேள்வியைக் கேட்டவனே வேறொரு கேள்வியோடு வந்தான்: "அவங்க ஸ்கூல்ல ஏன் டீச்சர் அவனை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க?"

அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை. இந்தப் படத்தை நான் முதலில் தவறாகப் பயன்படுத்தினேன். பிறகு திருத்திக்கொண்டேன். இரண்டையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

படம் எங்கிருந்து வந்தது?

பழைய திரைப்படங்களையே ஒளிபரப்பும் அமெரிக்கத் தொலைக்காட்சி டி.சி.எம். அது 2012 அக்டோபரில் ஓர் இரவை அரிய அசைவூட்டப் படங்களுக்கு ஒதுக்கியது. அசைவூட்ட வரலாற்றை ஆராய்ந்துவரும் ஜெர்ரி பெக் படங்களை அறிமுகம் செய்தார். திரையரங்கில் முழுநீளப் படத்துக்கு முன்பு காட்டப்பட்டு, பின்னர் மறக்கப்பட்ட ஆறேழு நிமிடப் படங்கள் பல அன்று மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. 1914 இல் வின்சர் மெக்கே உருவாக்கிய 'கெர்டி' என்ற டைனோசர், கறுப்பு அட்டைகளை வெட்டி லோட்டே ரைனிகர் 1926 இல் உருவாக்கிய நிழலுருவப் படம், யு.பி.ஏ. என்ற சிறு நிறுவனத்தின் குறும்படங்கள் ஆகியவை அந்த நிகழ்ச்சியில் இடம்பெற்றன.

இந்த வரிசையைக் கவனித்தாலே ஒரு பாடம் கிடைக்கும். கெர்டி படத்தில் டைனோசர் தலையாட்டும் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு தாள். பின்னால் உள்ள மலையும் ஏரியும் அசைவதே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தாளிலும் அவற்றைத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். மெக்கே மேடையில் நின்று கட்டளையிடுவார். திரையில் கெர்டி அதற்குக் கீழ்ப்படியும். ரைனிகரின் நிழலுருவங்களைக் காட்டினால் நம் பிள்ளைகள் தோற்பாவைக் கூத்தை நினைத்துக்கொள்வார்கள். ஒளிக்கும் திரைக்கும் இடையில் ஓர் உருவத்தை வைத்துக் கதை சொல்லும் கலை நம் ஊரிலும் உண்டு என்பதை அந்த இடத்தில் சொல்லலாம்.

நான் வகுப்புக்குத் தேர்ந்தெடுத்தது யு.பி.ஏ. 1950 இல் வெளியிட்ட 'ஜெரால்ட் மெக்பாயிங் பாயிங்'. சிறுவர்களுக்கான கதைப்பாடல்களால் புகழ்பெற்ற டாக்டர் சூஸ் எழுதிய கதை. ராபர்ட் கேனன் இயக்கினார். 1950 ஆம் ஆண்டின் சிறந்த கார்ட்டூன் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருது இதற்குக் கிடைத்தது. அந்த ஆண்டு இதனோடு போட்டியிட்டவற்றில் ஒரு டாம் அண்ட் ஜெர்ரி படமும் உண்டு. இதைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். டாமையும் ஜெர்ரியையும் தோற்கடித்தது யார் என்று பார்க்க எல்லோருக்கும் ஆசை.

கதை

ஜெரால்டுக்கு இரண்டு வயதாகிறது. பேசத் தொடங்கும் வயது. வாயைத் திறக்கிறான், சொல் வரவில்லை, 'பாயிங் பாயிங்' என்று ஒலி வருகிறது. அப்பா பதறுகிறார். மருத்துவர் வருகிறார், தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று போய்விடுகிறார். பள்ளிக்கு அனுப்பினால் சொற்களைக் கற்றுக்கொள்வான் என்று பெற்றோர் நம்புகிறார்கள். பள்ளியோ, பேசத் தெரியாத பிள்ளைக்கு இங்கே இடமில்லை என்று ஒரு கடிதத்தைக் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறது. மற்ற பிள்ளைகள் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாமல், அவன் எழுப்பும் ஒலியையே பட்டப்பெயராக்குகிறார்கள். அப்பாவும் பொறுமை இழக்கிறார். ஓர் இரவு சிறுவன் வீட்டை விட்டு ஓடுகிறான்.

ரயிலில் ஏறப்போகும் நேரத்தில் ஒரு வானொலி நிலையத்தின் உரிமையாளர் அவனைக் கண்டுபிடிக்கிறார். நாடகங்களுக்குக் குதிரைக் குளம்பொலியும் துப்பாக்கிச் சத்தமும் எழுப்ப இப்படி ஒருவனைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தாராம். ஜெரால்ட் புகழ்பெறுகிறான். பெற்றோர் பெருமிதத்தோடு பார்க்கிறார்கள்.

நான் செய்த தவறு

முதல் ஆண்டு படத்தைப் போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். "தனித்திறமை எல்லோருக்கும் உண்டு" என்று கரும்பலகையில் எழுதிப் பாடத்தை முடித்தேன்.

அந்த வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். பேசும்போது முதல் எழுத்திலேயே திக்கி நிற்பாள். அதனால் பெரும்பாலும் பேசமாட்டாள். இரண்டு நாள் கழித்து மதிய உணவு வரிசையில் அவளை ஒருவன் "பாயிங்" என்று கூப்பிடுவதைக் கேட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள்.

படம் செய்யக் கூடாது என்று சொன்னதையே பிள்ளைகள் செய்தார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல. ஜெரால்ட் வேடிக்கையான ஒலி எழுப்பும் காட்சிகளில் சிரிக்க அவர்களுக்கு நேரம் கொடுத்த நான், அவன் கடிதத்தோடு திரும்பி வரும் காட்சியில் நிற்க நேரம் கொடுக்கவில்லை. படம் ஓடியது, நானும் அதோடு ஓடிவிட்டேன்.

அடுத்த ஆண்டு முதல் மூன்று பாடவேளைகளாகப் பிரித்துக்கொண்டேன்.

முதல் பாடவேளை: ஒலியும் சொல்லும்

படத்தின் தொடக்கத்தை மட்டும், மருத்துவர் வந்து போகும் வரை காட்டுங்கள். பின்னணிக் குரல் ஆங்கிலத்தில் இருப்பதால் இடையிடையே நிறுத்தித் தமிழில் கதை சொல்லுங்கள். ஒலியை முழுவதும் அணைத்துவிடாதீர்கள். ஜெரால்டின் பேச்சே அதுதான்.

பிறகு ஒரு பணி: கேட்ட ஒலிகளைத் தமிழில் எழுத வேண்டும். இங்கே நம் மொழி கைகொடுக்கிறது. சலசல, கடகட, சடசட, கிணுகிணு, மளமள என்று இரட்டைக்கிளவிகள் பிள்ளைகளிடமிருந்தே வரத் தொடங்கும். "கட என்று ஒருமுறை மட்டும் சொன்னால் ஓடும் வண்டி கண்முன் வருகிறதா?" என்று கேளுங்கள். பிரித்தால் பொருள் தராதது இரட்டைக்கிளவி, பிரித்தாலும் பொருள் தருவது அடுக்குத்தொடர் என்ற இலக்கணம் அப்போது மனப்பாடமாக இல்லாமல் காதுவழியாகப் பதியும். "பாம்பு பாம்பு" என்பதையும் "சரசர" என்பதையும் அருகருகே எழுதச் சொன்னால் வேறுபாடு தெளிவாகிவிடும்.

எழுதத் தயங்கும் பிள்ளைகளும் இந்தப் பணியில் ஏதாவது எழுதிவிடுகிறார்கள். ஒலிக்குத் தவறான விடை என்று ஒன்று இல்லையே.

இரண்டாம் பாடவேளை: கணக்கும் கோடும்

திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள். ஏழு நிமிடம் என்றால் 7 × 60 × 24 = 10,080 சட்டகங்கள். ஒரே படத்தை இரண்டு சட்டகங்களுக்குப் பயன்படுத்துவது அசைவூட்டத்தில் வழக்கம். அப்படியானால் 5,040 நிலைகள். இந்தக் கணக்கை மாணவர்களே போடட்டும். "ஒருவர் ஒரு நாளைக்கு 20 படம் வரைந்தால் எத்தனை நாள்?" என்று கேளுங்கள். 252 நாள் என்ற விடை வந்ததும் வகுப்பு வாயைப் பிளக்கும்.

யு.பி.ஏ. இந்தச் சுமைக்கு வேறு வழி கண்டது. 1941 இல் டிஸ்னி நிறுவனத்தில் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பின் அங்கிருந்து வெளியேறிய ஓவியர்கள் சிலர் சேர்ந்து வளர்த்த நிறுவனம் இது. உயிருள்ள மனிதரைப் போலவே ஒவ்வொரு அசைவையும் காட்டவேண்டும் என்ற விதியை அவர்கள் ஏற்கவில்லை. தேவையான அசைவு மட்டும், தேவையான கோடு மட்டும். ஜெரால்டின் வீட்டில் சுவருக்கும் தரைக்கும் இடையில் கோடுகூட இருக்காது. ஒரே வண்ணம், அதில் ஒரு நாற்காலி, ஒரு மாடிப்படி. அவ்வளவுதான் வீடு.

மாணவர்களிடம் ஒரு தாளில் ஐந்தே கோடுகளால் தம் வீட்டை வரையச் சொல்லுங்கள். எதை விடுவது, எதை வைப்பது என்று அவர்கள் யோசிக்கும் நேரம்தான் அன்றைய பாடம். ஒரு மாணவன் நான்கு கோடுகளால் கதவை வரைந்தான். ஐந்தாவது கோடு, வாசலில் கிடக்கும் அப்பாவின் செருப்பு. நேரமிருந்தால் பழைய நோட்டின் ஓரங்களில் பந்து துள்ளுவது போல் வரைந்து, விரலால் வேகமாகப் புரட்டச் செய்யலாம். அசைவு கண்ணில் எப்படி உண்டாகிறது என்ற அறிவியலும் இதில் அடங்கிவிடும்.

மூன்றாம் பாடவேளை: கடிதத்தோடு நிற்கும் சிறுவன்

இப்போது மீதிப் படம். பள்ளி அவனைத் திருப்பி அனுப்பும் காட்சியில் நிறுத்துங்கள். பேசவேண்டாம். ஒரு நிமிடம் பிள்ளைகள் பார்க்கட்டும். பிறகு இரண்டு பணிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: அந்தப் பள்ளி எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை எழுதுவது, அல்லது ஜெரால்டின் வகுப்புத் தோழனாக அவனுக்கு ஒரு சீட்டு எழுதுவது.

பட்டப்பெயர் பற்றி இங்கேதான் பேசவேண்டும், படம் முடிந்த பிறகு அல்ல. "உங்களுக்குப் பிடிக்காத பெயரால் யாராவது கூப்பிட்டிருக்கிறார்களா?" என்று பொதுவாகக் கேளுங்கள். எந்தப் பிள்ளையையும் எடுத்துக்காட்டாகக் காட்டாதீர்கள்.

நம் நாட்டில் 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ளும் கல்வியை வலியுறுத்துகிறது. ஜெரால்டுக்குக் கிடைத்த கடிதத்தை இன்று நாம் எழுத முடியாது என்று மாணவர்களிடம் சொல்லலாம். ஆனால் நமக்குள் ஒன்று கேட்டுக்கொள்ளவும் வேண்டும்: எழுதாத கடிதங்களை நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோமா? வாசிக்கத் திணறும் பிள்ளையைத் தாண்டி அடுத்த பிள்ளைக்குப் போகிறோமே, அதுவும் ஒரு கடிதம்தான்.

இறுதியில் ஒரே கேள்வி: "வானொலிக்காரர் வராமல் போயிருந்தால்?"

கதை மகிழ்ச்சியாக முடிவது உண்மை. ஆனால் ஊரார் அவனை ஏற்றுக்கொண்டது அவன் பயன்பட்ட பிறகுதான். "தனித்திறமை எல்லோருக்கும் உண்டு" என்று நான் முன்பு எழுதிய வரியில் இருந்த குறையும் இதுதான். திறமை வெளிப்படும் வரை ஒரு பிள்ளை காத்திருக்கவேண்டுமா? என் வகுப்பில் ஒரு மாணவன் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை: "வரலேன்னாலும் அவன் அவங்க பிள்ளைதானே டீச்சர்."

சில குறிப்புகள்

படத்தை முதலில் நீங்கள் தனியாக முழுவதும் பார்த்துவிடுங்கள். எந்தெந்த இடத்தில் நிறுத்துவது என்று குறித்துக்கொள்ளுங்கள். முறையான உரிமத்தோடு கிடைக்கும் பிரதியையே திரையிடுங்கள். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்திலோ திறன்மிகு வகுப்பறையிலோ காட்டினால் ஒலி தெளிவாக இருக்கும். வகுப்பில் பேச்சுத் தடை உள்ள குழந்தை இருந்தால், முன்கூட்டியே அந்தக் குழந்தையிடமும் பெற்றோரிடமும் பேசுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் கலந்துகொள்ளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் இந்தப் படம் வேண்டாம், கெர்டியைக் காட்டலாம்.

சுவரோரமாக உட்கார்ந்த அந்த மாணவியிடம் அன்றே போய், தவறு என்னுடையது என்று சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இன்றும் அவள் வகுப்பில் அதிகம் பேசுபவள் அல்ல. எந்தப் படமும் ஒரே நாளில் யாரையும் மாற்றிவிடாது. மாறியது எனக்குத்தான். அவள் ஒரு சொல்லைத் தொடங்கும்போது அதை நான் முடித்துவைப்பதில்லை. வகுப்பும் இப்போது காத்திருக்கப் பழகிவிட்டது. சில நொடிகள்தான் ஆகும், சொல் வந்துவிடுகிறது.