பின்னால் ஒரு கம்பி போட்டால் கார் சாயாதா?

திண்டுக்கல்லில் இருந்து சிறுமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். நாலு பேர் ஏறிய சின்னக் கார் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பக்கமாகச் சாயும். பின்சீட்டில் இருப்பவரின் கை தானாக மேலே உள்ள கைப்பிடிக்குப் போகும். இந்தச் சாய்வைப் போக்க, பின்பக்கம் ஒரு ஸ்டெபிலைசர் பார் வாங்கி வீட்டு வாசலிலேயே மாட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பார் நல்ல பொருள்தான். ஆனால் அதைப் பற்றி வாய்வழியாகச் சுற்றிவரும் பல தகவல்கள் தவறு. அவற்றில் ஒன்றிரண்டு உயிருக்கே உலை வைக்கக்கூடியவை.

1919-இல் கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் காப்புரிமை பெற்ற யோசனை இது. இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் 'ப' வடிவ எஃகுக் கம்பி இணைக்கிறது. கார் சாயும்போது ஒரு சக்கரம் மேலேயும் மற்றது கீழேயும் போக, கம்பி முறுக்கிக்கொண்டு சாய்வை எதிர்க்கிறது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் கம்பி தன் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், அவ்வளவுதான்.

"பார் போட்டால் வண்டி தூக்கிப் போடும்" என்ற பேச்சில் பாதி உண்மை இருப்பது இதனால்தான். வேகத்தடையில் நேராக ஏறினால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் அடி தட்டாமல் இருக்க நம் ஊரில் வேகத்தடையைக் கோணலாகத்தானே தாண்டுகிறோம்! அப்போது கம்பி முறுக்கும். ஒரு பக்கத்து அடி மறு பக்கத்துக்கும் போய்ச் சேரும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தாலும் இதே கதை.

"சின்னக் காரில் பின்னால் பார் வைக்காமல் கம்பெனி காசை மிச்சம் பிடித்துவிட்டது" என்பது அடுத்த நம்பிக்கை. ஸ்விஃப்ட் போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் பின்னால் இருப்பது டார்ஷன் பீம். ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் போன்ற அந்தக் குறுக்குச் சட்டம் வளைவுகளில் தானே முறுக்கிக்கொண்டு பாரின் வேலையையும் செய்துவிடுகிறது. எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

அந்தத் திறந்த பக்கத்தில் ஒரு பட்டையை வெல்டிங் வைத்து ஒட்டுவதைப் போல மோசமான யோசனை வேறில்லை. மூடி திறந்த அட்டைப் பெட்டியைக் கையால் முறுக்கலாம். மூடி ஒட்டிய பெட்டியை முறுக்க முடியாது. பீமும் அப்படியே பல மடங்கு விறைத்துப்போகும். அதோடு வெல்டிங் சூடு பட்ட ஓரத்தில் எஃகின் தாங்கும் திறன் குறையும். லட்சக்கணக்கான முறை முறுக்கும் பாகத்தில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பீமில் டிரில் போட்டு ஓட்டை எடுப்பதும் வேண்டாம். அந்த மாடலுக்கென்றே செய்து, ஏற்கெனவே உள்ள ஓட்டைகளில் போல்ட் போட்டு மாட்டும் பாரை மட்டும்தான் யோசிக்கலாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை, "கம்பி தடிமனாக இருந்தால் டயர் நன்றாகப் பிடிக்கும்" என்பது. திருப்பத்தில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் பாரத்தைத் தீர்மானிப்பவை வேகம், வளைவு, வண்டியின் புவிஈர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம். பார் அந்த மொத்தத்தைக் குறைப்பதில்லை. அதில் முன்பக்கம் எவ்வளவு சுமக்கிறது, பின்பக்கம் எவ்வளவு சுமக்கிறது என்ற பங்கைத்தான் மாற்றுகிறது. பின்னால் பார் போட்டால் பின்வெளிச்சக்கரத்தின் மேல் பாரம் ஏறி, பின்பக்கப் பிடிமானம் குறையும். முன்பக்கம் சுமக்கும் பங்கு அந்த அளவு குறைவதால் கார் சுருக்கென்று திரும்பும். ஓட்டுபவருக்கு இது பிடித்துப்போகும்.

சிக்கல் மழையில் வரும். சாதாரண கார்களைக் கம்பெனிகள் முன்சக்கரம் முதலில் வழுக்கும்படியே அமைக்கின்றன. பயத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெரும்பாலும் வண்டி சரியாகிவிடும் என்பது காரணம். தடித்த பின்பாரால் பின்சக்கரம் முதலில் வழுக்கத் தொடங்கினால், காலை எடுப்பதே வினையாகும்: பாரம் முன்னால் பாய்ந்து, பின்பக்கம் இன்னும் லேசாகி, வால் சுற்றிவரும். ஐப்பசி மழையில் கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது அதைச் சமாளிக்க ரோட்டில் இடம் கிடையாது. 14 மி.மீ. கம்பியையும் 16 மி.மீ. கம்பியையும் பக்கத்தில் வைத்தால் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. விறைப்போ விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப ஏறும்; அந்த 2 மி.மீ. ஏறத்தாழ 70 சதவீதம் கூடுதல்.

எந்தப் பக்கம் பார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அமெரிக்காவின் செவ்ரோலே கார்வேர் சாட்சி. பின்னால் இன்ஜின் வைத்த அந்தக் காரில் ஆரம்ப ஆண்டுகளில் முன்பாரை விட்டுவிட்டார்கள். 1964 மாடலில்தான் அது எல்லா வண்டிக்கும் வந்தது. ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய புத்தகம் அந்தக் காரை நாடறிந்த வழக்காக்கியது. 1997-இல் சுவீடனில் சட்டென்று ஒதுக்கித் திருப்பும் சோதனையில் மெர்சிடஸ் ஏ-கிளாஸ் உருண்டபோதும் ஒற்றைக் கம்பியால் தீர்வு கிடைக்கவில்லை. சஸ்பென்ஷனைத் திருத்தி, வண்டி வழுக்குவதை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் இ.எஸ்.பி.யையும் எல்லா வண்டிக்கும் சேர்த்தார்கள். 2024-இல் வந்த புதிய ஸ்விஃப்டில் எல்லா வகைகளிலும் இ.எஸ்.பி. உண்டு. அதன் கணக்கு, கம்பெனி அமைத்த சஸ்பென்ஷனுக்கானது.

"வண்டி ஆடுகிறது, பார் போட்டால் நிற்கும்" என்பவர்கள் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது ஷாக் அப்சார்பரை. உடம்பில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. மெதுவாகப் போகும்போது சின்னக் குழிகளில் முன்பக்கம் 'கடகட' என்றால் பாரின் முனையைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராடு தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் முன்னால் ஏற்கெனவே இருக்கும் பாரே சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். டயரில் காற்றுக் குறைவு, பழனிக்குப் போகும்போது கூரை கேரியரில் கட்டிய மூட்டைகள் இவையும் ஆட்டத்தைக் கூட்டும்.

இத்தனைக்கும் பிறகு மாட்டுவதென்றால், "ஒரு ஜாக்கி போதும்" என்ற பேச்சைக் கேட்கவே கூடாது. காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும். முட்டுக்கொடுக்க வைக்கும் ஹாலோ பிளாக் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். அதை நம்பி அடியில் படுத்தால் உயிர் போகும். கெட்டியான சமதரையில், முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்னால் இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்டு நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் கம்பி முறுக்கிக்கொண்டு போல்ட் ஓட்டையோடு சேராது. ரப்பர் புஷ்ஷுக்குச் சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிப்போகும். சிலிக்கான் கிரீஸ்தான் சரி. ரப்பர் புஷ் உள்ள லிங்க்கின் நட்டைச் சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய பிறகே, டார்க் ரெஞ்சால் இறுதியாக முறுக்க வேண்டும்.

"அடியில் இருப்பது யார் கண்ணில் படும்?" என்ற தைரியமும் தவறு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ஐ விளக்கி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் பாரை வாங்குவதற்கு முன்பே எழுத்து மூலம் கேட்டுவிட வேண்டும்.

மாட்டிய பின் சக்கரம் முழுவதும் தொங்கும்போதும் முழுவதும் ஏறும்போதும் பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், ஏ.பி.எஸ். ஒயர் எதிலும் கம்பி உரசுகிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். உரசினால் வண்டியை எடுக்காமல், பாரைக் கழற்றிவிட வேண்டியதுதான்.