அம்மா கொடுத்த சிறுநீரகத்தையும் உடம்பு எதிர்க்குமா?

கேள்வி: என் மாமியார் தன் மகனுக்கு, அதாவது என் கணவருக்கு, சிறுநீரகம் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. கிரியேட்டினின் 1.2-ஐத் தாண்டியதில்லை. "பெற்ற தாயின் கிட்னிதானே, உடம்பு ஏற்றுக்கொண்டுவிட்டது. மாத்திரையைக் குறைத்துவிட்டு, எதிர்ப்புச் சக்திக்குச் சீந்தில் கஷாயம் கொடு" என்கிறார்கள் உறவினர்கள். செய்யலாமா டாக்டர்?

– ஒரு வாசகி, ஊரப்பாக்கம்

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா. கிரியேட்டினின் நன்றாக இருப்பதே அந்த மாத்திரைகளால்தான்.

நம் செல்களின் மேற்பரப்பில் ஹெச்.எல்.ஏ. என்ற புரதங்கள் உண்டு. அதில் பாதி அம்மா வழி, பாதி அப்பா வழி. உங்கள் மாமியாரிடம் உள்ள இன்னொரு பாதி மகனுக்கு வரவே இல்லை. உங்கள் கணவரின் உடலைக் காக்கும் டி செல்களுக்கு அது அந்நியம்தான். பாசமெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. 1954-ல் பாஸ்டனில் ஜோசப் மரே பொருத்திய சிறுநீரகம் இந்த மருந்துகள் இல்லாமலே வேலை செய்தது என்றால், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்கள் என்பதால்தான்.

அந்நியப் புரதத்தைக் கண்ட உதவி டி செல்கள் இன்டர்லூக்கின்-2 என்ற வேதிப்பொருளைச் சுரக்கும். உடனே டி செல்கள் பல்கிப் பெருகி, சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள் புகுந்து தாக்கும். டாக்ரோலிமஸ் மாத்திரை அந்தச் சுரப்பைத் தடுக்கிறது. மைக்கோஃபினோலேட் செல்கள் பெருகுவதைத் தடுக்கிறது. இதைத்தான் எதிர்ப்புச் சக்தி 'குறைந்துவிட்டது' என்று உறவினர்கள் கவலைப்படுகிறார்கள். வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறோம்! சீந்தில் அதைத் தூண்டிவிடக்கூடும். அதைக் குடித்துக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றியும் நம் நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

உங்கள் பக்கத்துத் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, பெற்றோர் அவர் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் முன்பின் அறியாதவரின் சிறுநீரகத்தோடு வேலைக்குப் போய் வருகிறார்கள். சொந்தமோ அந்நியமோ, காப்பது மாத்திரைதான்.

நான் அதிகம் பயப்படுவது எதிர்ப்புச் சக்தியின் இன்னொரு பிரிவான பி செல்களுக்கு. மாத்திரை அடிக்கடி தவறினால், அவை தானமாக வந்த சிறுநீரகத்துக்கு எதிராகவே ஆன்டிபாடிகளை உருவாக்கும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. மாதக்கணக்கில் ரத்த நுண்நாளங்கள் சிதையும். கிரியேட்டினின் ஏறுவதற்குள் பாதிச் சேதம் முடிந்திருக்கும். டி செல் தாக்குதலைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் ஸ்டீராய்டு ஊசியால் பெரும்பாலும் அடக்கிவிடலாம். ஆன்டிபாடி தாக்குதலை அடக்குவது கடினம்.

உணவிலும் மற்ற மருந்துகளிலும் கவனம் வேண்டும். பம்ப்ளிமாஸ் பழம் வேண்டாம். ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் நேர்மாறாக இறக்கிவிடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சில ஆன்டிபயாடிக்குகள் அளவை ஏற்றிவிடக்கூடும், எங்களைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இன்னொன்று: டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில், ஊரப்பாக்கத்தில் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் சிலர் காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அன்று எடுக்கும் ரத்தம் பொய்க்கணக்குத்தான் காட்டும். உங்கள் கணவரிடம் மாத்திரையைக் கையில் எடுத்து வரச் சொல்லுங்கள். ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளட்டும்.