மலையில் எண்ணெய் குடிக்கும் இன்ஜின்

ஏற்காட்டுக்குப் போய் வந்த பெட்ரோல் கார் சர்வீஸுக்கு நிற்கிறது. மெக்கானிக் ஏர் ஹோஸைக் கழற்றிக் காட்டுகிறார். உள்ளே எண்ணெய் மினுமினுக்கிறது. "ரிங் போயிருச்சு சார், இன்ஜினை இறக்கணும்." வண்டிக்காரருக்கு வியர்க்கிறது.

இன்டேக் மேனிஃபோல்டில் எண்ணெய் தெரிந்தாலே இன்ஜின் முடிந்தது என்பது பலரின் நம்பிக்கை. அப்படி இல்லை. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும் வாயு, ஒரு காலத்தில் குழாய் வழியாக ரோட்டில்தான் கலந்தது. அதை இன்ஜினுக்கே திருப்பிவிடும் பி.சி.வி. முறை 1960களில் கார்களுக்குப் பரவியது. வாயுவோடு கொஞ்சம் எண்ணெய்த் திவலையும் வரும். மெல்லிய படலத்துக்குப் பயப்பட வேண்டாம். குளம்போலத் தேங்கி, டிப்ஸ்டிக்கிலும் அளவு இறங்கினால்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்த நம்பிக்கை இன்னும் சுவையானது: ஏற்றத்தில் திணறுவதால்தான் வண்டி எண்ணெய் குடிக்கிறதாம். பாதிதான் சரி. ஏறும்போது சிலிண்டர் அழுத்தம் கூடி வாயுக் கசிவும் கூடுகிறது. அப்போது வரும் எண்ணெய் பிரீதர் ஹோஸ் வழியாக த்ராட்டிலுக்கு முன்னால் படியும். ஆனால் உறிஞ்சல் உச்சத்துக்குப் போவது இறக்கத்தில்தான். ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆக்சிலரேட்டரை விட்டு, கியரில் வண்டியைப் பிடித்து இறங்கும்போது த்ராட்டில் மூடியிருக்கிறது. மேனிஃபோல்டில் வெற்றிடம் வலுக்கிறது. வால்வு சீல் தேய்ந்திருந்தால் அந்த வழியே எண்ணெய் உள்ளே இறங்கும். அடிவாரத்தில் மறுபடி ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்னால் குபீரென்று நீலப்புகை வந்தால், முதல் சந்தேகம் வால்வு சீல் மேல். ஏற்றம் முழுக்க விடாமல் நீலப்புகை வந்தால் ரிங்கைப் பார்க்கலாம். பனிக்காலையில் வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவி. இன்ஜின் சூடானதும் மறைந்துவிடும்.

மேனிஃபோல்டின் வெற்றிடத்தை அளக்கும் வேக்குவம் கேஜ் விஷயத்திலும் ஒரு குழப்பம். கடல் மட்டத்தில் நல்ல இன்ஜின் ஐடிலில் 18 முதல் 20 அங்குலம் காட்டும். உயரம் 1,000 அடி கூடக்கூடச் சுமார் ஓர் அங்குலம் குறையும். ஏற்காடு ஏறக்குறைய 5,000 அடி. அங்கே 14 காட்டினால் ரிங்கைப் பழிக்கக் கூடாது, காற்று அவ்வளவுதான்.

"மலைக்குப் போறோம், ஆயில் கொஞ்சம் தாராளமா ஊத்து" என்பதுதான் மிக மோசமான யோசனை. அளவு மீறினால் கிராங்க் எண்ணெயைக் கடைந்து திவலையாக்கி, நேரே மேனிஃபோல்டுக்கு அனுப்பும். சாய்வில் நிறுத்தி டிப்ஸ்டிக் பார்த்தாலும் கணக்குத் தப்பும். ஏற்காட்டில் சமதரை தேடுவதே தனி வேலைதான், ஆனாலும் தேட வேண்டும்.

டர்போ டீசலில் கதை வேறு. ஏர் ஃபில்டர் அடைத்தால் டர்போ சீல் வழியாக எண்ணெய் இழுபட்டு இன்டர்கூலரில் சேரும். அளவு மிஞ்சினால் இன்ஜின் அந்த எண்ணெயையே எரிபொருளாக்கிக்கொண்டு, சாவியைத் திருப்பி அணைத்தாலும் அடங்காமல் அலறும்.

பெட்ரோல் காரில் முதலில் பார்க்க வேண்டியது விலை குறைந்த பி.சி.வி. வால்வு. அடைத்திருக்கிறதா, திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்று பார்த்து, மேனிஃபோல்டைத் துடைத்துவிட்டுச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கலாம். எண்ணெய் திரும்பத் தேங்கினால் கம்ப்ரஷன் டெஸ்ட். அழுத்தம் குறைவாக இருந்து, சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுச் சோதிக்கும்போது அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம்தான். ஏறாவிட்டால் வால்வுப் பக்கம் திரும்பலாம். இன்ஜினை இறக்கும் பேச்சு அதற்கப்புறம்.