நிலைபேறான அபிவிருத்தி: புத்தளக் கரையோர இறால் வளர்ப்பு

பொருளாதார வளர்ச்சி, சூழற் பாதுகாப்பு, மனித நலன் ஆகிய மூன்றையும் சமநிலைப்படுத்துவது பற்றிய வினாக்களுக்கு விடையளிக்கும் மாணவர் பலர் வரைவிலக்கணத்தை மட்டும் எழுதி நிறுத்திவிடுகின்றனர். உதாரணம் ஒன்றைக் காரண காரியத்தோடு விளக்கும்போதே விடை முழுமை பெறும். அத்தகைய உதாரணம் ஒன்றை இப்பாடத்தில் நோக்குவோம்.

1. வரைவிலக்கணம்

இன்றைய மக்களின் தேவைகளை நிறைவேற்றும் அதேவேளை, நாளைய சந்ததியினர் தம் தேவைகளை நிறைவேற்றும் வாய்ப்பைப் பறிக்காத அபிவிருத்தி நிலைபேறான அபிவிருத்தி எனப்படும். 1987 ஆம் ஆண்டின் புரூண்லான்ட் ஆணைக்குழு அறிக்கை இக்கருத்தை உலகெங்கும் பரவச் செய்தது. ஐக்கிய நாடுகள் சபை 2015 இல் ஏற்றுக்கொண்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளும் இதனையே அடிப்படையாகக் கொண்டவை.

2. பின்னணி

புத்தளம் களப்பு, முந்தல் களப்பு, சிலாபம் களப்பு ஆகியன ஒல்லாந்தர் காலக் கால்வாயினால் இணைக்கப்பட்டுள்ளன. உவர்நீரும் கரையோரக் கண்டல் தாவரங்களும் மீன், இறால், நண்டு ஆகியவற்றின் இனப்பெருக்கத்துக்கு உகந்த சூழலை அளிக்கின்றன. 1980களில் இப்பகுதியில் ஏற்றுமதிக்கான புலி இறால் வளர்ப்பு வேகமாகப் பரவியது.

3. கிடைத்த நன்மைகள்

• நாட்டுக்கு அந்நியச் செலாவணி கிடைத்தது.
• பண்ணைகள், குஞ்சு பொரிப்பகங்கள், பதனிடும் தொழிற்சாலைகள் ஆகியவற்றில் வேலைவாய்ப்புகள் உருவாகின.
• பயன்குறைந்தது எனக் கருதப்பட்ட உவர் நிலம் வருமானம் தந்தது.

4. ஏற்பட்ட பாதிப்புகள்

(அ) குளங்கள் அமைப்பதற்காகக் கண்டல்களும் உவர்ச் சதுப்பு நிலங்களும் அழிக்கப்பட்டன. இதனால் மீன்குஞ்சுகள் வளரும் இடங்கள் குறைந்தன.

(ஆ) கண்டல் மண்ணில் கந்தகச் சேர்வைகள் உள்ளன. அம்மண் தோண்டப்பட்டுக் காற்றுப்படும்போது அமிலம் உருவாகிறது. எனவே கைவிடப்பட்ட குளங்களை வேறு பயிர்ச்செய்கைக்குப் பயன்படுத்துவதும் கடினமாகும்.

(இ) பல பண்ணைகள் ஒரே கால்வாயிலிருந்து நீரைப் பெற்று, மிஞ்சிய உணவும் கழிவும் கலந்த நீரை அதே கால்வாயில் வெளியேற்றின. ஒரு பண்ணையின் கழிவுநீர் அடுத்த பண்ணையின் உள்வரும் நீராயிற்று.

(ஈ) களப்பை நம்பி வாழ்ந்த சிறு மீனவர்கள் இலாபத்தில் பங்கு பெறாமலேயே இழப்பில் பங்கு பெற்றனர்.

5. வெண்புள்ளி நோய்

1996 இல் வெண்புள்ளி வைரசு நோய் பரவியது. இது மனிதருக்குத் தீங்கு செய்யாது. எனினும் ஒரு குளத்து இறால் முழுவதையும் சில நாட்களிலேயே அழிக்கக்கூடியது. பொதுவான நீர்வழி நோய் பரவும் பாதையாயிற்று. பல பண்ணைகள் கைவிடப்பட்டன. கடன்பட்டு முதலிட்டவர்களும் தொழிலாளரும் வருமானம் இழந்தனர்.

இங்கு மாணவர் கவனிக்க வேண்டிய முக்கிய கருத்து ஒன்று உண்டு. வளர்ச்சிக்காகச் சூழல் பலியானது என்று மட்டும் எழுதுவது போதாது. சூழல் கெட்டதால் அவ்வளர்ச்சியே நிலைக்காமற் போயிற்று. தூய களப்பு நீர் இத்தொழிலின் மூலதனம். ஆனால் அது எவருடைய கணக்கிலும் செலவாக எழுதப்படவில்லை.

6. மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகள்

• 1988 இல் தேசிய சுற்றாடல் சட்டம் திருத்தப்பட்டுச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு சட்டத்தில் இடம்பெற்றது. 1993 ஆம் ஆண்டின் வர்த்தமானிப்படி 4 ஹெக்டயருக்கு மேற்பட்ட நீர்வாழ் உயிரின வளர்ப்புத் திட்டங்கள் இதற்கு உட்பட்டன. எனினும் சிறு பண்ணைகள் இவ்வெல்லைக்குள் வரவில்லை. தனித்தனியே சிறியவையாயினும் அவை ஒன்றுசேர்ந்து களப்பைப் பெரிதும் பாதித்தன.
• 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை அமைக்கப்பட்டது.
• பின்னர் பிரதேசம் வலயங்களாகப் பிரிக்கப்பட்டு, எவ்வலயத்தில் எப்போது குஞ்சு விடலாம் என்பதைப் பண்ணையாளர் சங்கங்களோடு இணைந்து தீர்மானிக்கும் பயிர் நாட்காட்டி முறை அறிமுகமாயிற்று. குஞ்சுகள் விடப்படுமுன் நோய்ப் பரிசோதனை செய்யப்படுகிறது.
• 2015 இல் இலங்கைக் கண்டல்களைப் பாதுகாக்கும் நாடளாவிய திட்டம் தொடங்கியது. இதில் கரையோரப் பெண்களுக்குச் சுயதொழிற் கடன் வழங்குவதும் அடங்கும். 2016 இல் சிலாபத்துக்கு அருகே பம்பலையில் கண்டல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

7. முடிவு

இறால் வளர்ப்பைத் தடைசெய்வது தீர்வன்று. அதில் பலரது வாழ்வாதாரம் தங்கியுள்ளது. களப்பு தாங்கக்கூடிய அளவுக்குள் பண்ணைகளை வைத்திருத்தல், கழிவுநீரைத் தெளியவைத்து வெளியேற்றுதல், மீனவரையும் தீர்மானங்களிற் சேர்த்தல் ஆகியவையே சமநிலைக்கான வழிகளாகும்.

பயிற்சி வினாக்கள்

1. கண்டல் தாவரங்கள் அழிக்கப்படுவதால் ஏற்படும் இரு விளைவுகளைத் தருக.
2. ஒரு பண்ணையாளர் தன் பண்ணையை மட்டும் சுத்தமாக வைத்திருப்பது ஏன் போதாது? விளக்குக.
3. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நன்மைகளையும் பாதிப்புகளையும் பொருளாதாரம், சூழல், மனித நலன் என்னும் மூன்று தலைப்புகளில் அட்டவணைப்படுத்துக.

குறிப்பு: மூன்றாம் வினாவில் நன்மை எவருக்கு, பாதிப்பு எவருக்கு என்பதையும் குறிப்பிடுக. மின்சாரம் நாடு முழுவதற்கும் செல்கிறது; நிலக்கரித் தூசியும் சாம்பலும் அயற் கிராமங்களையே சேர்கின்றன.